இருமுவதற்கு ஓர் ஆள்

கோயில் மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ இருமியதும் ஆர்த்திகா பாட்டின் இரண்டாவது வரியிலேயே நின்றுபோனாள். உடனே சௌரிராஜன் வாத்தியார் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைக் காலால் தட்டிவிட்டார். செம்பு படியில் உருள, கூட்டம் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. அதற்குள் பிள்ளை வரியைப் பிடித்துக்கொண்டாள். அவர் வேண்டுமென்றேதான் காலை நீட்டினார் என்பது அருகில் இருந்த தாய் ராமக்காளுக்கு மட்டும் தெரியும். “எல்லாம் மீனாட்சி புண்ணியம்” என்று அவள் கும்பிட்டுக்கொண்டாள்.

ஆனால் மேடைக்கு மேடை செம்பை உதைத்துக்கொண்டிருக்க முடியுமா? மதுரை மகால் பக்கத்துச் சந்தில் பகலெல்லாம் சுங்கடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர் அவர். மாலையில்தான் பாட்டு வாத்தியார். யோசனை வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. பயம் போக்க, போன வருஷம் பிள்ளைகளின் பாட்டை டேப்பில் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டினார். நாலு பேர் வகுப்பை விட்டே ஓடினார்கள்.

இந்த முறை வந்த யோசனைக்குப் பெயர் ‘கெட்ட சபை’. “பயமே சத்தத்தாலதாம்மா வருது. சத்தத்துக்குப் பழகிட்டா இடி விழுந்தாலும் பாடுவா” என்று ராமக்காளிடம் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு வேலை கொடுத்தார். மனைவி பத்மாசினி கொட்டாவி விடவேண்டும். எதிர்வீட்டு உமேஷ் தப்புத் தாளம் போடவேண்டும். அதற்கு உமேஷுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. கீழக்குயில்குடியிலிருந்து பஸ் ஏறி வரும் ராமக்காளுக்கு இருமல்.

“எனக்கு இருமலே இல்லையே சார்?”

“வரவழைங்க ராமக்கா. பல்லவில லேசா, சரணத்துல நல்லா.”

களையெடுத்துவிட்டு வந்த அலுப்போடு அவள் மனதார இருமினாள். பெற்ற பிள்ளை பாடும்போது இருமுவது பாவமில்லையா என்று சாமியிடம் வாராவாரம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். பத்மாசினி கொட்டாவி விட்டு விட்டு ஒருநாள் தூங்கியே போனாள். “அம்புட்டும் தத்ரூபம்!” என்று வாத்தியார் பூரித்தார்.

ஆறு மாதத்தில் ஆர்த்திகா, பக்கத்தில் கல்யாண மேளம் கொட்டினாலும் சுருதி விலகாதவள் ஆகிவிட்டாள். மாவட்டப் போட்டி வந்தது. அப்பன் சின்னக்கருப்பன் கண்டிப்பாகச் சொன்னான்: “அங்கயும் ஊமையா நின்னா பாட்டுக்கு முழுக்குப் போட்டுரணும். பேசாம தையலுக்குப் போகட்டும்.”

போட்டி நடந்தது ஏசி அரங்கில். நடுவர்கள் மூவரும் பண்பானவர்கள். ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை, ஒரு தொண்டை செருமவில்லை. இத்தனை மரியாதையை ஆர்த்திகா அதுவரை பார்த்ததே இல்லை. வாய் கட்டிப்போயிற்று. ராமக்காள் அவசரமாக இருமிப் பார்த்தாள். ஆறு மாதமாகக் கேட்டபோதெல்லாம் வந்த இருமல் அன்று வரவில்லை. சின்னக்கருப்பன் எழுந்திருக்கப் போனான்.

அப்போது மைக்கில் மெல்லிய குரல் கேட்டது. “ஐயா… கொஞ்சம் பேசிக்கிட்டே இருங்களேன். இப்பிடிச் சும்மா பாத்தா பயமா இருக்கு.”

அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அவள் பாட்டை எடுத்தாள். கடைசி வரி வரை விடவில்லை. பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. “வாயத் தொறந்துருச்சுல்ல, பாட்டே படிக்கட்டும்” என்று சின்னக்கருப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பெரியார் நிலையம் வரை வந்து வாத்தியார் அவர்களை பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, “தப்பு எம்மேலதான் ராமக்கா. எல்லாத்துக்கும் பழக்குனேன், மரியாதைக்குப் பழக்கல. வெள்ளிக்கிழம வந்துருங்க. இனிமே யாரும் இருமக்கூடாது, அசையக்கூடாது. கண்ணெடுக்காம பிள்ளையவே பாக்கணும்” என்றார்.

“அம்புட்டுத்தானா சார்?”

கண்டக்டர் விசில் ஊதினார். “அதுதாம்மா கஷ்டம்” என்ற வாத்தியார், முட்டிமோதிய கூட்டத்துக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு, பஸ் திரும்பி மறையும்வரை ஆர்த்திகாவையே இமைக்காமல் பார்த்தபடி நின்றார்.