கோபிநாத் உட்கார்ந்த இடம்

பூரணி குனிந்து ஏரிக்கரைச் சேற்றில் ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். தோல் ஆலைக் கழிவுத் தண்ணீரின் நெடி இல்லை. முந்தானையில் முடிந்திருந்த பொரியைத் தண்ணீரில் தூவினாள். குஞ்சு மீன்கள் மொய்த்தன.

அவள் கணவன் கோபிநாத் இப்படித்தான் இடம் பார்ப்பான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவன் அடிப்பாகம் தைத்தான், அவள் மேல்பாகம் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூண்டிலோடு பஸ் ஏறிவிடுவான். எந்த ஏரி என்று மட்டும் சொல்ல மாட்டான். "சொன்னா மீனுக்குக் கேட்டுடும்" என்று கண்ணடிப்பான்.

பாலாறு கரைபுரண்ட அந்த மழைக்காலத்திலும் அப்படித்தான் போனான். திரும்பவேயில்லை.

போலீஸ் தேடிக் களைத்தது. ஊர் களைக்கவில்லை. "பெங்களூர்ல எவளோடயோ இருக்கான்" என்று அவன் அண்ணனே வாசலில் நின்று சொன்னான். அன்று முதல் பூரணிக்கு ஒரே கேள்விதான். என்னை விட்டுப் போனாரா, வர முடியாமல் போனாரா? மிஷினில் தைக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அவன் நிற்பது போலிருக்கும். திரும்பினால் தோல் அடுக்குதான் இருக்கும். ஞாயிறுதோறும் ஏரி ஏரியாக அலைந்தாள். அவனைப்போலவே இடம் தேர்ந்தால் அவன் போன இடம் தெரியாதா?

இன்று கணியம்பாடிப் பக்கத்து ஏரி. கோடையில் பாதி வற்றிக் கிடந்தது. கூட வந்திருந்தவள் கம்பெனித் தோழி சைரா.

"இன்னாடி, இதுவும் ஆச்சா? உன்கூட சுத்தி என் செருப்பே தேஞ்சு போச்சு. ஷூ கம்பெனில வேலைன்னு சொல்ல வெக்கமா கீது."

"கொஞ்சம் பொறுக்கா. நிழல் தண்ணில விழுந்தா மீன் ஓடிடும்னு, அவரு சூரியனப் பாத்துதான் உக்காருவாரு."

சூரியனைப் பார்த்தபடி மேற்குக் கரையில் நடந்தாள். மதகைத் தாண்டி ஒரு கருவேலமரம் பாதி சாய்ந்து நின்றது. அதன் அடியில் காற்றில்லாமலே புல் அசைந்தது, யாரோ நகர்ந்து இடம் விட்டது போல.

வேரிடுக்கில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

ரப்பர் துண்டில் வெட்டிய சின்னப் பாதம். பிறந்த மூன்றாம் நாளே போய்விட்ட அவர்கள் மகளின் பாத அளவு. அவன் தூண்டில் மிதவைகள் எல்லாமே அந்த வடிவம்தான்.

மிதவையில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. கடையில் விற்கும் தூண்டில் நரம்பு அறுந்துவிடும் என்று, அடிப்பாகம் தைக்கும் நூலைத்தான் கோபிநாத் தூண்டிலுக்குக் கட்டுவான். மறுமுனையை மணிக்கட்டில் சுருக்குப் போட்டுக்கொள்வான்.

"அத மட்டும் செய்யாதீங்க. பெரிய மீனு இழுத்தா?" என்பாள் பூரணி.

"இழுத்தா நானும் கூடப் போறேன்" என்று சிரிப்பான்.

பூரணி நூலைப் பிடித்து இழுத்தாள். ஏரிக்குள் மண் தோண்டிய பள்ளம் அங்கே இருந்தது. நூல் அதன் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. கனமான ஏதோ ஒன்று சற்றே நெகிழ்ந்து, மறுபடி நின்றது.

அவள் கை நின்றுவிட்டது.

"இன்னாடி? நூல் அறுந்துச்சா?" சைரா ஓடிவந்தாள்.

"அறுவலக்கா. அது அறுவாது."

சைரா நூல் போகும் திசையைப் பார்த்தாள். "யா அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்டேஷனுக்கு போன் போடுக்கா. அவங்க அண்ணனுக்கும் போடு. பெங்களூர்ல இல்லன்னு சொல்லு. இங்கதான் இருக்காருன்னு சொல்லு."

கண்ணீர் தாரையாக ஓடியது. துடைக்கவில்லை. நூலைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நிழல் தண்ணீரில் விழாதபடி, சூரியனைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மறுமுனை மெல்ல ஒருமுறை அசைந்தது.