பங்களாக்காரரின் ஃபேன்பெல்ட்

கொடைக்கானலில் டீச்சராக இருந்தபோது என் பழைய காரை நானே பழுது பார்ப்பேன். நாயுடுபுரத்து டாக்ஸிக்காரர்கள் அதை மதித்து, ஸ்பேனர் கொடுத்து உதவுவார்கள். சொந்தக் கார் வைத்திருந்த பங்களாக்காரர்களுக்கு அது கேவலம். அவர்களில் ஒருவர் சர்ச் வாசலில், "டீச்சர் மெக்கானிக் வேலைக்குப் போயிட்டாங்க போல" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒரு மழைநாளில் மலைப்பாதை வளைவில் அவருடைய கார் ஃபேன்பெல்ட் அறுந்து நின்றது. பின்னால் வந்த என் காரைக் கை காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்களேன்."

என் காரும் அதே மாடல்தான். மாற்று பெல்ட்டையும் ஸ்பேனரையும் எடுத்து நீட்டினேன்.

"நீங்களே மாட்டுங்க சார். நான் சொல்றேன்."

என் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, ஒவ்வொரு போல்ட்டாகச் சொன்னேன். ஒரு மணி நேரம் நனைந்தார். கடந்துபோன டாக்ஸிகள் வேகம் குறைத்து வேடிக்கை பார்த்தன. நான் அவசரப்படவே இல்லை.