அக்கா ஏறிய பாறை

எங்கள் அக்கா காலமாகி ஓராண்டு ஆகிறது. முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி, அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தவர் மச்சான், அக்காவின் கணவர். "உள்ளத எழுது மாப்ள, கூட்டிக் கொறைக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா பிறந்தது ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில், கண்மாய்க் கரையை ஒட்டிய எங்கள் சிற்றூரில். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மஞ்சள் காமாலையில் தவறிப்போனார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட, காலையில் உலை வைப்பதும், என்னைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவதும் அக்காவின் வேலைகள் ஆயின. அதற்கு நடுவிலும் படித்து, ரத்தப் பரிசோதனைக்கான பயிற்சி முடித்து, புதுக்கோட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அக்காதான்.

ஊசி குத்துவதில் அக்காவின் கை அவ்வளவு மென்மை. அழுவதற்குத் தயாராக வாயைத் திறந்த குழந்தைகள், அதற்குள் வேலை முடிந்துவிட்டதைப் பார்த்து விழிப்பார்கள். நரம்பு கிடைக்காத முதியவர்கள், அக்கா இல்லாத நாளில் வந்தால் மறுநாள் வருகிறோம் என்று திரும்பிப் போய்விடுவார்களாம். இதை அக்கா ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்த அவருடைய தோழிகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

திருமணமாகி அக்கா வந்தது அன்னவாசலுக்கு மேற்கே, மச்சானின் ஊருக்கு. ஊர்க் கடைசியில் வீடு. கொல்லைப்புறத்தைத் தாண்டினால் ஒரு கடலைக் காடு, அதைத் தாண்டினால் மொட்டைப் பாறை. இத்தனை ஆண்டுகள் அந்தப் பாறையின் அடியிலேயே வாழ்ந்தும் அக்கா அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. விடிந்ததும் பஸ் பிடிக்க ஓடுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புவார். மகள் யாழினியின் படிப்பு, மாமனாரின் நோய், மச்சானின் விவசாயம் என்று பார்ப்பதற்கு நிறைய இருந்தது.

பிறகு அக்காவுக்கே நோய் வந்தது. மார்பில் கட்டி. பிறரின் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துப் பழகியவர் என்பதால், தம்முடையதைப் படிக்க அவருக்கு மருத்துவர் தேவைப்படவில்லை. திருச்சியில் சிகிச்சை தொடங்கியது. முடி உதிர்ந்தது, நாவில் ருசி போனது. கூட்டத்தில் போகக்கூடாது என்று சொல்லிவிட்டதால் வேலையையும் விட வேண்டியதாயிற்று. கொல்லையில் வேப்பமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாறையைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தார்.

ஒருநாள் கீரனூரில் இருந்த எனக்குப் போன் செய்தார். உடம்புக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"டேய், பருந்து பருந்துன்னு நாம சொல்றோம்ல, அது ஒண்ணு இல்லடா. நாலஞ்சு சாதி இருக்கு" என்றார்.

அவர் அப்படி உற்சாகமாகப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்துவிட்டு, காட்டுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வெள்ளைப் பறவை கருந்தோள் பருந்து. வேம்பில் அணில்களைக் கத்தவைப்பது வல்லூறு. கருடன் என்று நாம் கும்பிடுவது செம்பருந்து. பாறையின் உச்சியில் நெஞ்சு வெளுத்து, முதுகு கறுத்து, ஜோடியாக வந்து உட்காரும் பெரிய பறவைகள் ராஜாளி. யாழினி கோயம்புத்தூரிலிருந்து ஒரு பைனாகுலர் வாங்கி வந்து கொடுத்தாள். அதன்பின் அக்கா ராஜாளிகளின் கூட்டையும் கண்டுபிடித்தார். பாறை இடுக்கில் முளைத்த இச்சி மரத்தில் சுள்ளிகளால் கட்டியிருந்தன. உள்ளே ஒரு வெள்ளைக் குஞ்சு.

"அதப் பாத்துக்கிட்டு இருக்கப்ப ஒடம்பு ஞாபகமே வரல" என்றார் அக்கா. நாங்கள் அவருக்காகச் செய்த எதற்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வீட்டில் மீனாள் அத்தாச்சி இருக்கிறார். மச்சானுக்குப் பெரியப்பா மகள். கணவர் இறந்தபின் பிறந்த ஊருக்கே வந்து, நாட்டுக்கோழி வளர்த்துத் தனியாகப் பிழைக்கிறார். கூட்டில் குஞ்சு வளர வளர, அத்தாச்சியின் கோழிகள் குறைந்தன. பட்டப்பகலில் முற்றத்திலிருந்தே தூக்கிப்போனது ராஜாளி. நல்ல பெட்டைக்கோழி ஒன்று போன அன்று அவர் வேலியோரம் வந்து நின்று சத்தம் போட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஒனக்கு வேடிக்கையா இருக்கு தாயி. கோழி போச்சுன்னா ஒம் பருந்தா வந்து எனக்குக் கஞ்சி ஊத்தும்? அதுக்கு ஒரு வழி பண்றேனா இல்லையா பாரு."

அக்கா பைனாகுலரை மடியில் இறக்கி வைத்தார். அத்தாச்சி சொன்னதில் நியாயம் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை மச்சான் வயலுக்குப் போயிருந்தார். நாற்காலியில் இருந்த அக்கா, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே என்னைக் கூப்பிட்டார். பாறையின் பாதி உயரத்தில், திறந்த இடத்தில் ஒரு கோழி சிறகு விரிந்து கிடந்தது.

"செத்த கோழி, தானா ஏறிப்போய்ப் பாறையில படுக்குமா?" என்றார். எழுந்து செருப்பை மாட்டினார்.

"நான் போறேன்க்கா. நீ இரு."

"ஒனக்கு எடம் தெரியாது. நீ தேடிக்கிட்டு இருக்கதுக்குள்ள ராஜாளி எறங்கிரும்."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார். ஊசி மருந்து ஏற்றி ஒரு வாரம்கூட ஆகாத உடம்பு. கடலைக் காட்டைக் கடக்கும்போதே மூச்சு வாங்கியது. பாறையில் சரிவான இடங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டார், சில இடங்களில் கையை ஊன்றித் தவழ்ந்தார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. மேலே ராஜாளி ஒன்று வட்டமிட்டது. ஒருமுறை அது மிகவும் தாழ்ந்து வந்தபோது, அக்கா தலைத்துண்டை அவிழ்த்து, முடியில்லாத தலையோடு நின்று, அதை வீசி வீசி விரட்டினார். வீட்டுக்குள்ளேயும் துண்டில்லாமல் எங்கள் முன் வராதவர் அவர்.

கோழியின் வயிறு கிழிந்திருந்தது. உள்ளே ஊதா நிறத்தில் குருணை மருந்து, பயிருக்குப் போடும் பூச்சி விஷம். ராஜாளி ஒரு வாய் தின்றிருந்தால் அங்கேயே விழுந்திருக்கும். கூட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் குஞ்சும் பிழைத்திருக்காது. பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு கோழியை எடுத்தேன். கீழே இறங்கி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்தோம்.

அன்று மாலையே அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. திருச்சியில் சேர்த்தோம். கிருமித் தொற்று, நிலைமை சரியில்லை என்றார்கள். மச்சான், மீனாள் அத்தாச்சியை என்ன செய்வதென்று கொதித்துக்கொண்டிருந்தார். மெல்லக் கண் விழித்த அக்கா மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்:

"அத்தாச்சிகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. மொதல்ல போய் அவங்க முத்தத்துக்கு மேல வல கட்டிக் குடுத்துட்டு வாங்க. அப்பறம் என்னையப் பாக்க வாங்க."

மச்சான் அன்றே ஊருக்குப் போனார். மூங்கில் நட்டு, நைலான் வலை வாங்கி, முற்றம் முழுவதும் கூரைபோலக் கட்டினார். மீனாள் அத்தாச்சி வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். வேலை முடிகிற நேரத்தில் ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "புள்ளைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாராம். மச்சான் "பொழைச்சுக்கிருவா" என்றாராம்.

அக்கா பிழைத்து வீடு வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட வலு இல்லாமல் உள்ளே படுத்திருந்த ஒரு முற்பகலில், வேலிக்கு அப்பாலிருந்து அத்தாச்சியின் குரல் கேட்டது.

"தாயி, இங்கிட்டு வா. குஞ்சு மரத்த விட்டுப் பறக்குது. வெரசா வா."

யாழினி தாங்கிப் பிடிக்க அக்கா கொல்லைக்குப் போனார். செம்பழுப்பு நிறத்தில் புது இறகுகளோடு, தடுமாறித் தடுமாறிக் கடலைக் காட்டின் மேல் அது ஒரு சுற்று வந்ததை வேலியின் இருபுறமும் நின்று இருவரும் பார்த்தார்களாம். அத்தாச்சி அழுததாக யாழினி சொன்னாள்.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அக்கா நன்றாக இருந்தார். பிறகு நோய் எலும்புக்குப் பரவியது. இனி மருத்துவமனை வேண்டாம் என்று அக்காவே முடிவு செய்தார். அந்தக் கடைசி மாதங்களில் உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டியவர் மீனாள் அத்தாச்சி. வேறு யாரையும் அதைச் செய்ய விடவில்லை. அக்கா கண்ணை மூடியபடியே கேட்பார்:

"இன்னைக்கு ரெண்டும் வந்துச்சா?"

"ஆம்பள மட்டுந்தான் வந்துச்சு தாயி. பொம்பள அடைகாக்குது போல."

"அப்ப முட்டை வச்சிருச்சு" என்பார் அக்கா. அவ்வளவு பேசியதற்கே களைத்துத் தூங்கிவிடுவார்.

தை மாதத்து விடியற்காலையில் அக்கா போனார். தூக்கம்போலத்தான் இருந்தது. எடுக்கும் நேரத்தில், கருடன் வட்டமிடுமா என்று உறவினர் பலரும் அண்ணாந்து பார்த்தார்கள். பறவைகள்மேல் அவ்வளவு உயிராக இருந்தவருக்கு ஒன்றாவது வராதா என்று எனக்கும் இருந்தது. வானத்தில் எதுவும் இல்லை.

"காலப் பனியில அதுக கெளம்பாது. வெயில் ஏறணும்" என்றார் மீனாள் அத்தாச்சி. "அதுகளுக்குப் பொழப்பு இருக்குல்ல. வரலன்னு கொற சொல்லாதீங்க." அக்காவே சொல்வதுபோல இருந்தது.

அக்காவின் துன்பத்தில் துணைநின்ற திருச்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேலைசெய்த இடத்துத் தோழிகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. மீனாள் அத்தாச்சியின் பெயரையும் நன்றியோடு போட விரும்புவதாக அவரிடமே சொன்னேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எம் பேரப் போடுறதா இருந்தா, நான் மருந்து வச்சதையும் சேத்துப் போடு தம்பி. அத மறைச்சுட்டா, ஒங்கக்கா எதுக்குப் பாறை ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னபடியே இரண்டையும் எழுதியிருக்கிறேன்.