இந்தக் கை, அந்தக் கை

பாசிமணிக் கண்காட்சி நடக்கும் மண்டபத்தில், வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு நாற்காலி உண்டு. மற்றவர்கள் நின்று பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். கொக்கு அக்கா கம்பி வேலை கற்றுக்கொண்டது முழுவதும் நின்றுதான்.

கொக்கு என்பது அங்கே கடை போடுகிறவர்கள் வைத்த பெயர். கூட்டத்துக்குப் பின்னால் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலை லேசாகத் தூக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது. அவருக்கும் அது தெரியும். "வாத்துன்னு வைக்காம விட்டாங்களே, அதுவே பெரிசு" என்பார்.

வேலை பார்ப்பது ஒரு தையல் சாமான் கடையில், பொத்தான் பிரிவில். ஒரு பொத்தான் உதிர்ந்த சட்டையை யாராவது நீட்டினால், மீதிப் பொத்தான்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவர் நிறைய அடுக்கியிருக்கும் டப்பாக்களில் சரியான ஒன்றை இழுப்பார். நிறத்தில் நூலளவு மாற்றம் இருந்தாலும் விற்க மாட்டார். "இது வெள்ளை, உங்க சட்டையில இருக்கிறது பால் வெள்ளை. வேணும்னா மொத்தத்தையும் மாத்துங்க" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுவார். கடை முதலாளிக்கு இதில் பாதிப் பெருமை, பாதி வயிற்றெரிச்சல்.

அந்தக் கண்தான் அவரைக் கம்பிக்காரரின் மேசைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது. கம்பிக்காரர் அக்காவைவிடப் பத்து வயது இளையவர். மண்டபத்தின் நடுமேசை எப்போதும் அவருடையது. வாய் ஓயாது. கையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். மணியைக் கம்பியில் கோப்பார். மணிக்கு மேலே குறட்டால் பிடித்து மடக்குவார். குறட்டின் உருண்டை மூக்கைச் சுற்றிக் கம்பியை வளைத்து ஒரு கண்ணி போடுவார். மிச்சக் கம்பியைக் கண்ணியின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, வாலை நறுக்கி, நுனியை அழுத்திவிடுவார். காதுக் கொக்கியில் மாட்டினால் தொங்கட்டான்.

"அவ்வளவுதாங்க. இந்தக் கையில குறடு, அந்தக் கையில கம்பி. இப்படி ஒரு மடக்கு, அப்படி ஒரு சுத்து. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல."

அதற்கு மேல் அவர் விளக்கிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அக்கா பார்த்ததைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பழுதான மின்விசிறியிலிருந்து உருவிய செப்புக் கம்பியில் பழகுவார். ஆரம்பத்தில் குறடு பிடித்த கை, எழுதப் பழகாத கைபோல உதறியது. புதுத் தொழில் என்றால் முதலில் கை முரண்டு பிடிக்கத்தான் செய்யும் என்று அவர் அதைச் சட்டை செய்யவில்லை. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் வெட்டி எறிந்தார். எறிந்த துண்டுகள் காலில் குத்திக் குத்தி, அவருடைய வீட்டுக்காரர் கூடத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கப் பழகினார்.

வேலை படிந்தது. சாதாரணமாகப் படியவில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி படிந்தது. அக்காவின் காதைப் பார்த்துவிட்டு, கடைக்கு வரும் பெண்கள் தங்களுக்கும் சொல்லித்தரச் சொன்னார்கள். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அவர்கள். "இந்தக் கையில இது, அந்தக் கையில அது" என்று அக்கா செய்து காட்டுவார். தொழிலோடு சேர்த்துக் கம்பிக்காரரின் பேச்சும் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மதியத்தில் ஒரு ஜோடி முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பத்து நாள் வகுப்புக்குப் போயும் வராதது அக்காவிடம் ஒரு மணி நேரத்தில் வந்தது என்று கடையில் பேச்சு பரவியது.

வராத ஒரே ஆள் நாத்தனார். ஒரே வீடு, உட்கார ஒரே கட்டில். அண்ணியின் பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்தும் அவளுடைய கண்ணி ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை.

"நீங்க பண்றதைத்தானே அண்ணி நானும் பண்றேன்."

"பண்ற. ஆனா அது கம்பிக்குத் தெரியலையே."

"எனக்கு வாய் வேலைதான் வரும்போல."

"அதை யாரு இல்லேன்னா?"

இப்படி இருக்கையில்தான் கண்காட்சி நடத்தும் அம்மா, மேசை விரிப்புக்கு ஓரப் பட்டி வாங்கக் கடைக்கு வந்தார். கவுண்டரில் நடக்கிற பாடத்தைப் பார்த்தார். பட்டியை மறந்துவிட்டுக் கடைசிவரை நின்று பார்த்தார்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"நானாத்தாங்க. யாரும் உட்கார வச்சுச் சொல்லித் தரல."

அதில் பொய் என்று எதுவும் இல்லை.

"என் மண்டபத்துல ஒரு வகுப்பு எடுங்க. சட்டம் ஒண்ணுதான். வெறுங்காதோட யாரும் வெளியே போகக் கூடாது. வாசல்ல நின்னு நானே போட்டோ எடுப்பேன். காது காலியா இருந்தா அடுத்த கண்காட்சியில அந்த மேசையும் காலி."

அக்கா சரி என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா போன பிறகு, கறுப்புப் பொத்தான் கேட்ட ஒருவருக்குக் கருநீலப் பொத்தானைக் கொடுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே காலம் போன ஒருவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. ஒருமுறை உட்கார்ந்துவிட்டு எழுந்து வர அவருக்கு மனமில்லை. ஒவ்வொரு கண்காட்சியிலும் அது தன் நாற்காலியாக இருக்க வேண்டும் என்று ஆசை.

வகுப்பன்று மண்டபத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு. அக்காவின் தலைக்கு மேலே ஒரு கேமரா. சுவரில் பெரிய திரை. சட்டைக் காலரில் மைக். கடைசி வரிசைக்கும் கை தெரிய வேண்டும் என்று கண்காட்சி அம்மா செலவு செய்திருந்தார். திரையில் அக்காவின் விரல்கள் வாழைத்தண்டு பருமனில் தெரிந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனார், "அண்ணி, நகத்தை வெட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

நாற்காலிகள் நிரம்பின. நாத்தனாருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர். அவருக்கு அடுத்து பேக்கரி நடத்தும் ஒரு பெண்.

"எல்லாரும் கையைக் கவனிங்க. இந்தக் கையில குறடு, அந்தக் கையில கம்பி."

எல்லாரும் திரையைக் கவனித்தார்கள். திரையில் எந்தக் கையில் குறடு இருந்ததோ அந்தக் கையில் குறட்டை எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எதுவும் சரியாக நடக்கவில்லை.

ஒருவருடைய கண்ணி கேள்விக்குறியாக நின்றது. இன்னொருவருடைய மணி துள்ளி மூன்றாவது வரிசைக்குப் போனது. கம்பியைச் சுற்றச் சொன்னால் குறட்டோடு சேர்த்துத் தன் விரலையும் ஒருவர் சுற்றிக்கொண்டார். அக்கா முதலிலிருந்து செய்து காட்டினார். இன்னும் மெதுவாகச் செய்து காட்டினார். மெதுவாகக் காட்டக் காட்ட, அவர்கள் இன்னும் ஒழுங்காகத் தப்புச் செய்தார்கள்.

"நான் தினம் குறடு பிடிக்கிறவ" என்றார் பல் டாக்டர். "கடவாய்ப் பல்லுகூட எங்கிட்ட இவ்வளவு அடம் பிடிச்சதில்ல."

"மேடம், அதுக்கு மரத்துப் போக ஊசி போடுவீங்க. கம்பிக்கு என்ன போடுவீங்க?" என்றாள் நாத்தனார்.

ஒரே ஒருவருக்கு மட்டும் வந்தது. பேக்கரிக்காரப் பெண் ஒரு தொங்கட்டானை முடித்து, இரண்டாவதையும் முடித்து, காதில் மாட்டிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். அவரால் நம்ப முடியவில்லை.

"எனக்கு எந்த வகுப்புலயும் கடைசியாத்தான் வரும். பாதி நாள் வரவே வராது. இன்னைக்கு என்னமோ தண்ணி குடிக்கிற மாதிரி வருது."

"எப்படிங்க பண்றீங்க?" என்று சுற்றியிருந்தவர்கள் அவர் கையை எட்டிப் பார்த்தார்கள். அப்படியே செய்தார்கள். பழையபடி கேள்விக்குறி வந்தது.

இதே கைகளால், இதே சொற்களால், கவுண்டரில் எத்தனையோ பேருக்கு வந்த வேலை இது. வாசலில் கண்காட்சி அம்மா கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வகுப்பு முடிய அரை மணி நேரம்தான் இருந்தது. முடிந்த காது இரண்டு, இரண்டும் பேக்கரிக்காரருடையவை.

சத்தம் கேட்டு நடுமேசையிலிருந்து கம்பிக்காரர் எழுந்து வந்தார். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க இடது கைப் பழக்கமா?"

"இல்லையே."

"எந்தக் கையால எழுதுவீங்க?"

"வலது கையாலதான்."

"அப்புறம் குறடு மட்டும் எதுக்கு இடது கையில?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "இது இடது கை வேலைதானே? நீங்களும் அந்தக் கையிலதானே பிடிக்கிறீங்க? இத்தனை வருஷமா உங்க எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

காலரில் மைக் இருப்பதை அவர் மறந்திருந்தார். மண்டபத்தின் நாலு மூலைக்கும் அது போய்ச் சேர்ந்தது. வாசலில் இருந்த அம்மா கேமராவைத் துடைப்பதை நிறுத்தினார்.

கம்பிக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து குறட்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார். வலது கையில். எதிரே அக்காவும் தன் குறட்டை உயர்த்தினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவுகிறவர்போல இருவரும் நின்றார்கள். அக்கா தன் கையைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார், தன் கையை இன்னொரு முறை பார்த்தார்.

"உட்கார்ந்திருக்கிறவங்களுக்குப் பின்னாடி போய், கையைப் பிடிச்சு மாத்தி விட்டுடுவேன் அக்கா" என்றார் கம்பிக்காரர். "எதிர்ல நின்னு பார்த்துட்டுப் போறவங்களுக்கு யாரு மாத்தி விடுறது?"

"அப்ப கவுண்டர்ல எல்லாருக்கும் எப்படி வந்தது?"

"அவங்க உங்க எதிர்ல நின்னாங்க. நீங்க தலைகீழாப் பண்ணினதை அவங்க தலைகீழாப் பார்த்தாங்க. நேராயிடுச்சு. தலைக்கு மேலேருந்து காட்டுற இந்தத் திரையில உங்க இடது கை இடது கையாவே தெரியுது."

"நான் பக்கத்துல உட்கார்ந்தேன்" என்றாள் நாத்தனார் மெதுவாக. அவள் முகத்தில் மாதக்கணக்கான கணக்கு ஓடியது. "அண்ணி, நான் மக்கு இல்லையா?"

"இதுல இல்ல" என்றார் அக்கா.

பேக்கரிக்காரப் பெண் கையைத் தூக்கினார். இடது கையை. "நான் இடது கைக்காரி. அதான் எனக்கு வந்துச்சா?"

கண்காட்சி அம்மா உள்ளே வந்தார். "நானாக் கத்துக்கிட்டேன்னு சொன்னீங்க."

"நானாத்தாங்க கத்துக்கிட்டேன். அவர் சொல்லிக் கொடுத்திருந்தா ஒழுங்காக் கத்துக்கிட்டிருப்பேன்."

கம்பிக்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். பிறகு மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தார், திரையை அணைக்கச் சொன்னார். பாதிப் பேரைத் தன் எதிரே மேசையைச் சுற்றி நெருக்கி நிற்கவைத்தார். மீதிப் பேருக்குப் பின்னால் கம்பிக்காரர் போய்ச் செருமிவிட்டு, "எந்தக் கையில சாப்பிடுவீங்களோ அந்தக் கையில குறட்டைப் பிடிங்க" என்றார். இந்தத் தொழிலில் இவ்வளவு தெளிவாக அவர் எதையும் சொன்னது அதுதான் முதல் தடவை.

வேலை ஓடத் தொடங்கியது. கண்ணி வட்டமானது. அக்கா அவசரத்திலும் விடவில்லை. ஒவ்வொருவருடைய சுற்றையும் விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, இடைவெளி தெரிந்தால் வெட்டச் சொன்னார். "நேரமில்ல அக்கா, காதுல தொங்கினாப் போதாதா?" என்று கம்பிக்காரர் பல்லைக் கடித்தார். "தொங்கினாப் போதாது" என்று அக்கா அடுத்ததைத் தூக்கிப் பார்த்தார். நாத்தனார் எதிரே நின்று ஒரு ஜோடியை முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டாவது ஜோடியைத் தொடங்கினாள்.

நேரம் முடிந்தது. ஒவ்வொருவராக வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பல் டாக்டர் வந்தார். ஒரு காதில் தொங்கட்டான் ஆடியது. மற்றது வெறும் காது. அவருடைய இரண்டாவது தொங்கட்டானை அக்கா இரண்டு முறை வெட்டச் சொல்லியிருந்தார்.

கண்காட்சி அம்மா கேமராவை இறக்கினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"பக்கவாட்டுல எடுங்களேன்" என்றார் பல் டாக்டர். "ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எல்லாம் நாங்க பக்கவாட்டுலதான் எடுப்போம்."

"ஒரு காது காலி மேடம். எனக்குக் கண்ணு இருக்கு."

"அவங்க மேல தப்பு இல்ல" என்றார் அக்கா. "நான்தான் வெட்டச் சொன்னேன். சுத்துல வெளிச்சம் தெரிஞ்சுது. அப்படியே மாட்டி அனுப்பியிருந்தா உங்க போட்டோவுக்கு ஆகியிருக்கும். ஆனா அது ஒரு வாரத்துல கழண்டு விழும்."

"அப்ப மேசை போனாலும் பரவாயில்லையா?"

மேசை போவதில் அக்காவுக்கு வருத்தம்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. "சுத்து சரியா இல்லாம எப்படிங்க அனுப்புறது?" என்றார் கடைசியில்.

பேக்கரிக்காரப் பெண் இன்னும் போகவில்லை. அவர் நடுவே வந்தார். "அம்மா, அடுத்த கண்காட்சியில இவங்க வகுப்பு உண்டா? எங்க கடையிலேயே இன்னும் ரெண்டு பேர் இடது கைக்காரங்க இருக்காங்க. எங்க சித்தப்பா இருக்கார். எங்களுக்கெல்லாம் இந்த மண்டபத்துல இதுவரைக்கும் ஒரு வாத்தியார் இருந்ததில்ல. அந்தத் திரையும் இருக்கட்டும், எனக்கு அது ரொம்ப வசதியா இருந்துச்சு."

கண்காட்சி அம்மா திரையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குச் செய்த செலவு வீணாகவில்லை என்ற எண்ணம் அவர் முகத்தில் மெதுவாகப் பரவியது. வாசலில் இருந்த பலகையில் அடுத்த கண்காட்சியின் வகுப்புகளுக்குக் கீழே எழுதினார்: இடது கைக்காரர்களுக்குக் கம்பி வேலை.

"ஆனா நான் இடது கைக்காரி இல்லையே" என்றார் அக்கா.

"அது உங்க வீட்டு விஷயம். காது மட்டும் ரெண்டும் நிறைஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கேமராவை மீண்டும் தூக்கி, பல் டாக்டரைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னார்.