மோட்டார் ரூமில் என்னோடு இருந்த தேனீக்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதக் காலை ஒன்றில், உடுமலைப்பேட்டைக்குப் போகும் சாலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். வேலை செய்த தோட்டத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். எனக்கு அது புதிதல்ல. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து பல்லடத்தில் தறி, பிறகு கோழிப்பண்ணை, வெள்ளகோவிலில் எண்ணெய் மில் என்று எல்லா இடத்தையும் இப்படித்தான் விட்டிருக்கிறேன். தப்பு ஏதாவது நடந்தால், பேச்சு வாங்குவதற்கு முன்பு பஸ் ஏறிவிடுவேன்.

இந்தத் தடவை நடந்த தப்பு தேனீக்கள் விஷயத்தில்.

தென்னை, மக்காச்சோளம், அரசாணி எல்லாம் இருந்த தோட்டம் அது. மஞ்சள் பூசணியைத்தான் எங்கள் பக்கம் அரசாணி என்போம். தண்ணீர் பாய்ச்சவும் மருந்தடிக்கவும் என்னை வைத்தார்கள். தங்குவதற்கு மோட்டார் ரூம். அதன் சுவரில் பழைய ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று, ஒயர்களைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியாகத் தொங்கியது. அதற்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. என் கட்டிலுக்கும் அதற்கும் நாலு முழம்கூட இருக்காது.

"ரெண்டு வருசமா வாடகை குடுக்காம இருக்குதுங்க. நீங்களும் அப்படியே இருந்துக்கங்க" என்று தோட்டக்காரர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "அதுக இருக்கறதாலதான் அரசாணி காய்க்குதுங்க தம்பி. வாசனை எண்ணெய் தேச்சுக்கிட்டுப் பொட்டிக்கு நேரா நிக்காதீங்க. மருந்தடிச்சா அஞ்சு மணிக்கு மேல அடிங்க. அதுக்குள்ள எல்லாம் கூட்டுக்கு வந்துரும்" என்றார்.

முதல் நாளே கண்ணுக்குக் கீழே ஒரு கொட்டு வாங்கினேன். பிறகு பழகிக்கொண்டேன். அவை பறக்கும் வழியில் நிற்காமல் சுவரை ஒட்டி நடந்தேன். பீடியை வெளியே போய்க் குடித்தேன். மோட்டார் சத்தத்தை அவை சட்டை செய்யவில்லை, என்னையும் அப்படித்தான். வெளியே கேட் வால்வில் தண்ணீர் கசியும். அதில் சுற்றியிருந்த சாக்கு எப்போதும் ஈரமாக இருக்கும். வெயில் ஏறினால் தேனீக்கள் வரிசையாக அந்தச் சாக்கில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துப் போகும். மதியம் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்ப்பேன்.

மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. சொன்னபடி ஐந்து மணிக்கு மேல்தான் மருந்தடித்தேன். காற்று மோட்டார் ரூம் பக்கம் அடிக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும், முதுகில் மாட்டும் மருந்து டேங்கைக் கழுவ வசதியாக இருந்தது அந்த வால்வுதான். டேங்கில் மிச்சம் இருந்ததைச் சாக்கின் மேல் கவிழ்த்துக் கழுவினேன்.

மறுநாள் எட்டு மணிக்கு மேல் தரையெல்லாம் தேனீக்கள். மல்லாந்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் செத்துக்கொண்டிருந்தன. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. பையை எடுத்தேன்.

இரண்டு மைல் நடந்திருப்பேன். முதுகில் வெயில் சுட்டது. அப்போதுதான் உறைத்தது. வெயில் ஏறினால் மிச்சம் இருப்பவையும் தண்ணீருக்கு வரும். சாக்கை நான் எடுக்கவில்லை. எந்த ஊரிலும் நான் விட்டு வந்த தப்பு அதோடு முடிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தேன். இது நான் நடக்க நடக்க அங்கே நடந்துகொண்டே இருந்தது. திரும்பினேன். பாதித் தூரம் ஓடினேன்.

மோட்டார் ரூம் வாசலில் தோட்டக்காரர் காய்ந்த தென்னை ஓலையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். பெட்டியை எரிக்கப் போகிறார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார்.

"என்னமோ சீக்கு வந்துருச்சாட்ட இருக்குதுங்க தம்பி. இத எரிச்சுப்போட்டா வேற கூட்டுக்குப் பரவாது" என்றார் தோட்டக்காரர். என் தோளில் இருந்த பையைப் பார்த்தார்.

சும்மா இருந்திருந்தால் சீக்கு என்றே போயிருக்கும். "சீக்கு இல்லீங்க. நான் செஞ்சதுங்க. நேத்து டேங்க்கை அந்தச் சாக்கு மேல கழுவிப்போட்டேனுங்க" என்றேன்.

அவர் ஓலையைக் கீழே போட்டார். "ஏனுங்க, அஞ்சு மணிக்கு மேல அடிக்கச் சொன்னா, அடிச்சுப்போட்டு அதுக குடிக்கற தண்ணியிலயே கொண்டுபோய் ஊத்துவீங்களா?"

"அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல சாக்க எடுங்க" என்றார் அக்கா.

சாக்கை அவிழ்த்துக் குழி வெட்டிப் புதைத்தேன். வால்வைச் சுற்றி இருந்த ஈரமண்ணையும் வெட்டி எடுத்தேன். அக்கா ஒரு போசியில் நல்ல தண்ணீர் ஊற்றி, தேனீ உட்காரத் தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு, நிழலில் வைத்தார். பெட்டிக்குள் சத்தம் இருந்தது. குறைவாக, ஆனால் இருந்தது. மதியத்துக்கு மேல் ஒன்றிரண்டு அந்த மட்டையில் வந்து உட்கார்ந்தன. அவை பறந்து போகும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பையை எடுக்கப் போனேன். "போறதுன்னா போங்க. ஆனா காலையில அரசாணிப் பூ விரியும். இருக்கற தேனீ பத்தாது. அதுக வேலைய யாரு செய்வாங்க?" என்றார் அக்கா. கோபமாகத்தான் கேட்டார். அன்று நான் போகவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அரசாணிக் காட்டுக்குள் இறங்கினேன். அக்கா காட்டியபடி ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவுக்குள் மகரந்தம் படும்படி தொட்டுவிட வேண்டும். ஒரு பூவுக்குத் தொட்டுவிட்டு நிமிர்ந்தால் இன்னொரு பூ. வெயில் ஏறிப் பூக்கள் சுருங்குவதற்குள் முதுகு விட்டுப்போனது. பாதிக் காடுகூட முடியவில்லை. எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன், ஆனால் நான் இல்லாமல் ஆக்கியவர்களின் வேலையை நானே குனிந்து செய்தது அப்போதுதான். அதன் பிறகு தப்பு செய்யாமல் இல்லை, செய்துவிட்டுப் பஸ் ஏறுவதைத்தான் விட்டுவிட்டேன்.