கரையில் இருப்பவருக்கு ஒரு குறிப்பு

எனக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதும் கிடையாது. ஆனால் பொழுதுபோக்காகப் படகு விடுபவர்களுக்கு இணையத்தில் என்னென்ன இருக்கிறதோ, அத்தனையும் எனக்கு அத்துப்படி. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று வண்ணத்தில் காட்டும் இணையப் பக்கம், கடல்நீர் ஏறி இறங்கும் நேர அட்டவணை, மின்னலுக்கு எச்சரிக்கும் செயலி எல்லாம் என் ஃபோனில்தான் இருந்தன. படகு விட்டவர் என் கணவர். அவர் பார்த்ததெல்லாம் எந்தத் துடுப்பு எடை குறைவு என்கிற வீடியோக்கள்தான்.

அம்பத்தூரில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் அவருக்கு வேலை. வாரம் முழுக்க மின்சார ரயிலில் நசுங்கிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் காற்றடைக்கும் படகைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு பட்டாபிராமிலிருந்து உப்பங்கழிக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்து ஏரியில் காலால் மிதித்து ஓட்டுகிற படகு இருக்கிறதே என்றால், அது குழந்தைகளுக்காம்.

வெளிநாட்டுப் படகுக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு தளத்தில்தான் அந்த வழக்கத்தைப் படித்தேன். தண்ணீரில் இறங்குமுன் கரையில் இருக்கும் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: எங்கே இறங்குகிறேன், எப்போது திரும்புவேன், அதைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது. இதற்குச் சம்மதித்தால் போங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் வாட்ஸப்பில் குறிப்பு வந்துவிடும். பதினொரு மணிக்குக் கரை. பதினொன்றரைக்குள் தகவல் இல்லையென்றால் அங்கிருக்கும் மீன்பிடிப் படகுக்காரருக்கு ஃபோன்.

ஒரு ஞாயிறு தகவல் வரவில்லை. எழுதியிருந்தபடியே பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். படகுக்காரர் இன்ஜினைப் போட்டுக்கொண்டு உப்பங்கழி முழுக்கத் தேடியிருக்கிறார். என் கணவரோ கரையில் நண்பர்களோடு வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார், ஃபோன் பைக்குள். எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். மானம் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுந்தார். தப்பு யாருடையது என்று நானும் கத்தினேன். இரண்டு நாள் பேச்சில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு தனியாகப் போனார். பதினொன்றரை ஆயிற்று. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. காலையில் அமைதியான காற்றைக் காட்டிய இணையப் பக்கம் பத்தரைக்குள் பலத்த காற்றின் நிறத்துக்கு மாறியிருந்தது. தண்ணீர் கடலைப் பார்த்து இறங்குகிற நேரம் என்றது அட்டவணை. எல்லாம் எனக்குப் புரிந்தது. படகுக்காரரின் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, யாரோடாவது டீ குடித்துக்கொண்டிருப்பார், மறுபடி எதற்கு வம்பு என்று உட்கார்ந்திருந்தேன். குக்கரை அணைத்தேன். சாம்பாருக்குப் புளி கரைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் கூப்பிட்டபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

"காத்து மாறிகினு கீதுமா. வச்சிரு, போய் பாக்குறேன்" என்றார் படகுக்காரர்.

படகு கவிழ்ந்து காற்றோடு போய்விட்டிருந்தது. முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால், வலை கட்ட நட்டிருந்த மூங்கில் கழி ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர் தண்ணீரில் கிடந்தாராம். கழியில் ஒட்டியிருந்த சிப்பி இரண்டு உள்ளங்கைகளையும் கிழித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கை விட்டிருக்கும் என்று படகுக்காரரே சொன்னார்.

சாயங்காலம் கட்டுப் போட்ட கைகளோடு வந்து உட்கார்ந்தவருக்கு நான்தான் சோறு ஊட்டினேன். என்னால் மறைக்க முடியவில்லை. பதினொன்றரைக்குக் கூப்பிடவில்லை, திட்டுவீர்களோ என்று இருபத்தைந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பதினொன்னரை ஆனதும், நீ இப்போ ஃபோன் பண்ணிருப்பேன்னு நெனச்சேன். அதை நம்பித்தான் கழியை விடல."