கோகிலவாணியின் சுழலும் திரை

கம்ப்யூட்டர் திரையின் அடியில் இருந்த பட்டையை இழுத்து இடது ஓரத்தில் நிறுத்தினாள் கோகிலவாணி. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. மேலே ஏற்றினாள். ஐகான்களைக் கேழ்வரகு நிறத்துக்கு மாற்றினாள்.

"பேனர் வேலைய எப்பத்தான் தொடுவ?" என்றான் கணவன் ராஜ்குமார், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாலிருந்து.

"வாசல் பெருக்காம கோலம் போடுவாங்களா? இருங்க."

மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு எதிரே அவர்கள் கடை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் பேனருக்கு அவளிடம் வருவார்கள். அச்சடிப்பது மலைக்குக் கீழே. பென் டிரைவைப் பஸ் கண்டக்டர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார்.

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட பிறகு, திரையின் முகத்தையே இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் க்னோம் என்ற முகத்தைப் போட்டுப் பார்த்தாள்: "மொட்டையடிச்சு வுட்ட மாதிரி கீது." அடுத்தது எக்ஸ்எஃப்சிஇ: "நல்லா ஓடுது. சிரிக்க மாட்டேங்குது." கேடிஇ வந்த அன்று நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். அதில் நாலு திரைகளை ஒரு பெட்டியின் நாலு பக்கங்களாக ஒட்டிவைக்கலாம். மவுஸ் அம்பைத் திரையின் மூலையில் இடித்தால் பெட்டி சுழலும். வேலைக்கு இது எதற்கு என்பான் ராஜ்குமார். "கண்ணுக்கு வேணும்" என்பாள்.

அன்று பெட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கான பெண் வீட்டுப் பேனர். அதில் பெண்ணின் தாய்மாமன் சடையன் பெரிது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆதிநாராயணன் பொத்தான் அளவு. அடுத்த பக்கத்தில் அதே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பேனர். அங்கே எல்லாம் தலைகீழ். இரண்டு வீட்டாரும் கேட்டது அப்படித்தான். பேனரைக் கட்டிவிட்டால் யாரும் அவிழ்க்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அதுவரை ஒருவர் பேனரை மற்றவர் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் இரண்டு ஆர்டரும் போகும், கல்யாணத்திலும் கைகலப்பு வரும்.

சடையன் மாடல் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆதிநாராயணன் உள்ளே நுழைந்தார்.

"இன்னா சம்பந்தி, நீயும் இங்கதானா?"

பதறிய கோகிலவாணியின் கை அம்பை மூலையில் கொண்டுபோய் இடித்தது. பெட்டி கிளம்பிவிட்டது. பெரிய சடையன் ஒடுங்கி ஓரத்தில் மறைய, பெரிய ஆதிநாராயணன் மீசையோடு திரும்பி வந்தார்.

ராஜ்குமார் ஜெராக்ஸ் மூடியைத் தூக்கியபடியே நின்றான்.

"யம்மா," என்றார் சடையன், "இன்னொரு தபா சுத்து."

சுற்றினாள்.

"தோ, நீ போற, நான் வர்றேன்!"

"இரு இரு, இப்போ நான் வர்றேன் பாரு! ராட்டினங் கணக்கா இருக்குதே!" ஆதிநாராயணன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மவுஸுக்கு இருவரும் கை நீட்டி, கன்னத்தோடு கன்னம் ஒட்டக் குனிந்தார்கள். கோகிலவாணி மொபைலை எடுத்துப் படம் பிடித்தாள்.

"ரெண்டு பேனருக்கும் இந்தப் படந்தான். யாரும் பெர்சு இல்ல, யாரும் சின்னது இல்ல. சரியா மாமா?"

"ஓட்டப் பல்லு தெரியுதேம்மா," என்றார் சடையன்.

"தெரியட்டும் வுடு," என்றார் ஆதிநாராயணன். "கல்யாணந்தானே."

படத்தை இரண்டிலும் ஒட்டி முடிக்கையில் பஸ் ஹாரன் கேட்டது. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கண்டக்டர் கையில் திணித்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"இன்னிக்கித் தப்பிச்சோம்," என்றான் ராஜ்குமார். "மொதல்ல அந்தச் சுத்தறத எடுத்துடு."

"எடுத்துடறேங்க."

செட்டிங்ஸைத் திறந்தாள். சுழல்வதற்கு எதிரே இருந்த டிக்கை எடுக்கப் போன அம்பு பாதி வழியில் நின்றது. பிறகு அவள், சுழலும் வேகத்துக்கான குமிழைப் பிடித்து, ‘மெதுவாக’ என்ற பக்கமாகக் கடைசி வரை இழுத்துவைத்தாள்.